கற்பனைக்கும் கணக்கு உண்டு: அறிபுனையும் மாயக்கதையும் வாசிக்கத் தொடங்குவோருக்கு

நாவல் வாசிக்கிற பழக்கம் இருக்கிறது. ஆனால் அட்டையில் விண்கலமோ மந்திரவாதியோ இருந்தால் போதும், "இது நமக்கானது இல்லை" என்று புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடுகிறவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறையப் பேர் உண்டு. வேறு சிலர் துணிந்து ஒரு தடித்த ஆங்கில நாவலை எடுத்து, நாற்பதாம் பக்கத்தில் மூச்சுமுட்டி நிறுத்திவிடுகிறார்கள். இந்த இரு சாராருக்காகவும் இதை எழுதுகிறேன். அறிபுனை என்னும் அறிவியல் புனைகதை, மாயக்கதை என்னும் மந்திர உலகக் கதை என்ற இந்த இரு வகை நாவல்கள்மேலும் எனக்குத் தீராத பிரியம். ஆகவே எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்பதையும் சேர்த்துத்தான் வழி சொல்வேன்.

என்னிடம் இருப்பது ஒரே ஓர் அளவுகோல். ஆசிரியர் நடக்காத ஒன்றை நடப்பதாகச் சொல்கிறார். தாராளமாகச் சொல்லட்டும். அது நடந்தால் அதற்கு என்ன விலை, அந்த விலையைக் கொடுப்பது யார் என்ற கணக்கைக் கடைசிப் பக்கம்வரை ஒப்படைக்கிறாரா என்று பார்ப்பேன். ஒப்படைத்தால், பறக்கும் யானையே வந்தாலும் நம்புவேன். நடுவில் கணக்கை மறந்துவிட்டால், எத்தனை விருது வாங்கியிருந்தாலும் அந்த நாவல் எனக்குத் தோற்றதுதான். கீழே வரும் பரிந்துரைகள் எல்லாம் இந்த அளவுகோலால் அளந்தவை.

முதல் படி: தடித்த புத்தகத்தைத் தள்ளி வையுங்கள்

"கட்டாயம் வாசிக்க வேண்டிய நூறு நாவல்கள்" போன்ற பட்டியல்களைப் போடுகிறவர்கள் ஏற்கெனவே பல நூறு வாசித்தவர்கள். அவர்களுக்குச் சுவையாக இருப்பது புதிதாக வருகிறவருக்குச் சுமையாக இருக்கும். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' (1965) மகத்தான நாவல். ஆனால் அதை முதல் புத்தகமாக ஒருவர் கையில் கொடுப்பதை நான் ஒப்பமாட்டேன். டோல்கீனின் மூன்று பாக மோதிரக் கதையான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலும் அப்படித்தான். இருநூறு பக்கத்துக்கு உட்பட்ட ஒன்றில் தொடங்குங்கள். சிறுகதையில் தொடங்கினால் இன்னும் நல்லது. கடலூரில் ஏறி உட்கார்ந்தால் பஸ் தவளக்குப்பம் வருவதற்குள் ஒரு சிறுகதையை முடித்துவிடலாம்.

இரண்டாம் படி: சொந்த ஊரிலேயே தொடங்குங்கள்

இந்த வகை எழுத்து மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. கடலூர்க்காரர்கள் அப்படிச் சொல்லவே கூடாது. புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுள் சென்னைத் தெருவில் இறங்கி வந்து, கந்தசாமிப் பிள்ளையோடு ஓட்டலில் காபி குடிக்கிறார். பிள்ளையோ அவரைத் தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராக்கப் பார்க்கிறார். நடக்காதது ஒன்றே ஒன்றுதான்: கடவுள் வந்துவிட்டார். மற்றதெல்லாம் நாம் தினமும் பார்க்கிற உலகம். அந்த உலகத்தில் கடவுளால் பிழைக்க முடியுமா என்ற கேள்வியைக் கதை கடைசிவரை விடுவதில்லை. அடுத்து 'காஞ்சனை', 'கபாடபுரம்' இரண்டையும் வாசியுங்கள். முன்னது, நடப்பது பேயா பிரமையா என்று முடிவுசெய்யவிடாமல் நம்மை உலுக்குகிற கதை. பின்னது கடல்கொண்ட பழைய நகரத்துக்கு நம்மை இறக்கிக்கொண்டு போகிறது.

அவர் செய்த இன்னொரு காரியம் பலருக்கும் தெரிவதில்லை. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818-இல் வெளிவந்தது. நவீன அறிபுனைக்கு அதையே தாய் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதை 'பிரேத மனிதன்' என்ற தலைப்பில் தமிழுக்குக் கொண்டுவந்தவர் இந்தத் திருப்பாதிரிப்புலியூர்க்காரர்தான். பிணத் துண்டுகளைச் சேர்த்து ஓர் உயிரை உண்டாக்கும் விஞ்ஞானி, பிறந்தது விகாரமாக இருக்கிறது என்று அதைக் கைவிட்டு ஓடிவிடுகிறான். உயிர் உண்டாக்கியது குற்றமா, உண்டாக்கிய பிறகு கைவிட்டது குற்றமா? கைவிட்டதே குற்றம் என்பது என் கட்சி. நீங்களும் வாசித்துவிட்டு ஒரு பக்கம் சேருங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்குப் பாரதி இருக்கிறார். 1908-இல் இங்கே வந்து பத்தாண்டுகள் தங்கியவர், அந்தக் காலத்தில் வெளியிட்ட உரைநடை நூல் 'ஞானரதம்'. ஒருவன் மனத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஞானம் என்னும் ரதத்தில் ஏறி, கவலையில்லாத உலகம், கந்தர்வ உலகம், சத்திய உலகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவருகிறான். வடமொழிச் சொற்கள் மிகுந்த நடை. பத்துப் பத்துப் பக்கமாக வாசித்தால் பழகிவிடும். உலகங்களைப் படைத்துப் பார்க்கும் ஆசை தமிழ் உரைநடையில் எவ்வளவு சீக்கிரம் முளைத்துவிட்டது என்பதற்கு அது சாட்சி. இவர்கள் இருவருடைய எழுத்தும் நாட்டுடைமை ஆனவை. மதுரைத் திட்டம் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இதற்குப் பிறகு சுஜாதா. 'என் இனிய இயந்திரா'வைத்தான் முதலில் எடுக்க வேண்டும். 1980-களில் எழுதப்பட்ட அந்தக் கதை 2021-ஆம் ஆண்டில் நடக்கிறது. பெயர் இரண்டெழுத்துக்குள் அடங்க வேண்டும். குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதிக்க வேண்டும். நிலா என்ற பெண்ணின் வீட்டில் ஓர் அறையை அரசாங்கம் அந்நியன் ஒருவனுக்கு ஒதுக்குகிறது. அவனோடு ஜீனோ என்ற இயந்திர நாயும் வந்து சேர்கிறது. நாம் 2021-ஐத் தாண்டிவிட்டோம், அதனால் கதை பழசாகிவிட்டது என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். எந்திரங்களை அவர் சரியாக ஊகித்தாரா என்பது சின்ன விஷயம். எல்லா வசதியும் கொடுத்து, பெயரையும் பிள்ளையையும் மட்டும் தன் கையில் வைத்துக்கொள்ளும் ஓர் அரசாங்கத்தில் ஒரு சாதாரணப் பெண் எப்படி மெல்ல மெல்லக் கண் விழிக்கிறாள் என்பதே நாவல். ஜீனோவின் கதை 'மீண்டும் ஜீனோ'வில் தொடர்கிறது. சுஜாதாவிடம் எனக்கு ஒரு குறை உண்டு. தொடர்கதையாக எழுதியதாலோ என்னவோ, கடைசி அத்தியாயங்களில் ஓட்டம் கூடிப்போய், விலைக் கணக்கைப் பாதியில் கட்டி வைத்துவிடுவார். அவருடைய விஞ்ஞானச் சிறுகதைகளில் அந்தக் குறை இல்லை.

அவருக்குப் பின் வந்தவர்களில், ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பைப் பரிந்துரைப்பேன். நம் மரபில் உள்ள அறிவுத் துறைகளிலிருந்தே அறிவியல் கேள்விகளை எழுப்பும் கதைகள் அவை. விறுவிறுப்பு வேண்டும் என்பவர்கள் சுதாகர் கஸ்தூரியின் '6174' நாவலை எடுக்கலாம். தலைப்பில் இருப்பது இந்தியக் கணித ஆர்வலர் காப்ரேகர் கண்டறிந்த எண். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக்கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வரும் விடையை வைத்து அதையே திரும்பச் செய்துகொண்டே போங்கள். 3524 என்றால், 5432-இலிருந்து 2345 போக 3087. அடுத்து 8730-இலிருந்து 0378 போக 8352. அடுத்து 8532-இலிருந்து 2358 போக 6174. அதற்குமேல் எத்தனை தடவை செய்தாலும் 6174-ஐ விட்டு நகராது. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு தடவைக்குள் அங்கே வந்து சேரும். இப்படி ஒரு நிஜமான வியப்பை எடுத்து அதன்மேல் கற்பனையைக் கட்டுவது அறிபுனையின் நல்ல குணங்களில் ஒன்று.

மூன்றாம் படி: விளங்காததைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கப் பழகுங்கள்

புதிதாக வருகிறவர்கள் இடறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாதாரண நாவலில் ஒரு சொல் விளங்கவில்லை என்றால் அது நமக்குத் தெரியாத சொல். அறிபுனையில் அது பெரும்பாலும் யாருக்கும் தெரியாத சொல், ஆசிரியர் உண்டாக்கியது. அவர் அதை உடனே விளக்கமாட்டார். கதைமாந்தர்களுக்கு அது அன்றாடச் சொல். அவர்கள் ஏன் விளக்கப்போகிறார்கள்?

ஒரு நாவல் இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காட்டுவதற்காக நானே எழுதியது:

"விடிகாலை மணி நான்கு ஆவதற்குள் தேவனாம்பட்டினத்தில் தண்ணீர்ச் சீட்டு வரிசை பாலம்வரை நீண்டுவிட்டது. மேகலா மகளின் ரேகைத் தகட்டை முந்தானையில் முடிந்திருந்தாள். அதைக் காட்டிப் பங்கு வாங்க இன்னும் மூன்று நாள்தான் அவகாசம்."

பழக்கமில்லாத வாசகர், "ரேகைத் தகடு என்றால் என்ன? எந்த வருஷம்? யார் ஆட்சி?" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, பதில் இல்லாததால் எரிச்சலடைவார். பழகியவர் இதே மூன்று வரியிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்கிறார், பாருங்கள். தண்ணீர் பங்கீட்டில் கிடைக்கிறது. விடியுமுன்பே வரிசை நிற்கிறது என்றால் பற்றாக்குறை கடுமையானது. ஆளுக்கு ஒரு தகடு. அதுதான் ரேஷன் கார்டுபோல. மகளின் தகடு தாயின் முந்தானையில் இருக்கிறது; மகள் கூட இல்லை. மூன்று நாள் அவகாசம் என்றால், ஒருவர் இறந்தாலோ காணாமல் போனாலோ சில நாள்வரை அவர் பங்கைக் குடும்பம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. மேகலாவுக்கு அழக்கூட நேரமில்லை, வரிசையில் நிற்கிறாள். தகடு எதனால் ஆனது என்பது கடைசிவரை தெரியாமல் போகலாம். தெரியாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப்போய்விடாது.

எனவே முதல் ஐம்பது பக்கத்துக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: விளங்காத சொல்லுக்காக நிற்கக் கூடாது. அதைச் சுற்றி மனிதர்கள் என்ன செய்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், எதை ஒளித்து வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். பொருள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தின் பின்னால் சொற்பட்டியல் இருந்தால் அதை முதலில் படிக்காதீர்கள். 'டியூன்' நாவலில் நீளமான பட்டியல் ஒன்று உண்டு. அதைப் புரட்டிப் புரட்டி வாசித்தால் பள்ளிப் பாடம் படிக்கிற அலுப்பு வந்துவிடும். ஆங்கிலத்தில் வாசிக்கத் தயங்குகிறவர்களுக்கும் இது ஆறுதலான செய்தி. அகராதியில் தேடியும் கிடைக்காத சொல்லில் நீங்களும் ஆங்கிலமே தாய்மொழியானவரும் சரிசமமாக நிற்கிறீர்கள். ஐம்பது பக்கம் தாண்டியும் மனிதர்கள் யாருமே மனத்தில் பதியவில்லை, சொற்கள் மட்டும் பெருகுகின்றன என்றால் புத்தகத்தை மூடிவிடலாம். அது ஆசிரியரின் குறை.

நான்காம் படி: விலையைத் தேடுங்கள்

பழகிய பிறகு, மேலே சொன்ன அளவுகோலைக் கையில் எடுங்கள். இதற்கு நான் காட்டுகிற முதல் உதாரணம் 'மணிமேகலை'. அவளுக்கு மணிமேகலா தெய்வம் மூன்று மந்திரம் கொடுக்கிறது: வேற்றுருக் கொள்ள, வானத்தில் பறக்க, பசியில்லாமல் இருக்க. உதயகுமாரனிடமிருந்து தப்புவதற்காக மணிமேகலை, காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். அந்த உருவத்தோடு அவள் உதயகுமாரனிடம் பேசுவதைக் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் பார்க்கிறான். தன் மனைவி என்றே நம்பி, இரவில் உதயகுமாரனை வாளால் வெட்டிக் கொல்கிறான். பழி மணிமேகலைமேல் விழுந்து, அவள் சிறைக்குப் போகிறாள். ஒரு மந்திரத்துக்கு ஓர் உயிர் விலை. மந்திரம் வேலை செய்ததாலேயே கொலை நடந்தது என்பதைக் கவனியுங்கள். சாத்தனார் கணக்கை எவ்வளவு கறாராக எழுதியிருக்கிறார்!

இதே கறார் அர்சுலா லெ குவினிடம் உண்டு. அவருடைய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' (1968) தீவுகளால் ஆன ஓர் உலகத்தில் நடக்கிறது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் உண்மைப் பெயர் ஒன்று உண்டு. அதை அறிந்தவர் அதை ஆளலாம். ஆனால் ஓர் இடத்தில் மந்திரத்தால் மழை பெய்யவைத்தால் வேறோர் இடத்தில் வறட்சி வரலாம் என்று ஆசான்கள் எச்சரிக்கிறார்கள். கெட் என்ற இளைஞன் தன் திறமையைக் காட்டும் வீம்பில் ஓர் இருளை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அதற்குப் பிறகு நாவல் முழுவதும் அந்த ஒரு வீம்புக்கான விலைதான். போர் இல்லை, பெரும்படை இல்லை. சிறிய புத்தகம், தெளிந்த ஆங்கிலம். ஆங்கிலத்தில் முதல் மாயநாவலாக எதை வாசிக்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். கடலும் படகும் காற்றும் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்த உலகம் சீக்கிரம் வசப்படும்.

இந்த இடத்துக்கு வந்த பிறகு 'டியூன்' வாசிக்கலாம். நீரே இல்லாத பாலைக் கிரகம் அது. அதன் தொடக்கப் பகுதியில் ஒரு காட்சி. புதிதாக ஆள வந்திருக்கும் பிரபுவின் மேசையில், பாலை மக்களின் தலைவன் எல்லோர் முன்னிலையிலும் எச்சில் துப்புகிறான். காவலர்கள் கொதித்தெழுகிறார்கள். அந்த மக்களோடு பழகிய ஒருவன் குறுக்கிட்டு, உடலின் ஈரத்தை நீ பரிசாகக் கொடுத்ததற்கு நன்றி என்று சொல்லி, பதிலுக்குத் தானும் துப்புகிறான். அவமதிப்பு என்று நினைத்தது மரியாதையாக மாறிவிடுகிறது. தண்ணீர் இல்லை என்ற ஒரே ஒரு விஷயம் உடை, மதம், சாவுச் சடங்கு, மரியாதை எல்லாவற்றையும் எப்படித் திருப்பிப்போடும் என்று ஹெர்பர்ட் கணக்குப் போட்டிருக்கிறார். அந்த மக்கள் செத்தவருக்காகக் கண்ணீர் விடுவதையே நீரைத் தானம் செய்வதாகப் பார்க்கிறார்கள். ஆழ்குழாய்க் கிணறுகளில் உப்பு ஏறுவதைக் கண்ணெதிரே பார்க்கும் கடற்கரை இது. இங்கே இருந்து வாசிக்கும்போது அந்தக் கணக்கு வெறும் கற்பனையாகத் தெரியவில்லை. தொடரின் முதல் நாவலோடு நிறுத்திக்கொண்டாலும் நட்டமில்லை.

கடைசி நிமிடத்தில் யாரும் கேள்விப்படாத ஒரு மந்திரமோ எந்திரமோ வந்து எல்லோரையும் காப்பாற்றும் நாவல்களை நான் பாதியிலேயே விட்டிருக்கிறேன். இறந்தவர்கள் அடுத்த பாகத்தில் எழுந்து வருகிற தொடர்களும் அந்த வகைதான். சாவுக்கே விலை இல்லை என்றால் வேறு எதற்கு விலை இருக்கும்?

ஐந்தாம் படி: ஏற்கெனவே பிடித்ததன் வழியாக உள்ளே போங்கள்

துப்பறியும் கதைப் பிரியர் என்றால் ஐசக் அசிமோவின் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' (1954). இயந்திரங்களை வெறுக்கும் ஒரு போலீஸ்காரனும் இயந்திர மனிதன் ஒருவனும் சேர்ந்து கொலை ஒன்றைத் துப்புத் துலக்குகிறார்கள். தமிழில் வேண்டுமானால் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. பேயா விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் மோதிக்கொள்ளும் நாவல். அறிவியல் மாணவர் என்றால் ஆண்டி வெயரின் 'தி மார்ஷியன்': செவ்வாயில் தனியாக விடப்பட்டவன் உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைக்கிற கதை. பக்கத்துக்குப் பக்கம் கணக்கு, உண்மையான கணக்கு.

அரசியல் ஆர்வம் உள்ளவர்கள் தமிழிலேயே வாசிக்கலாம். ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. புத்தகங்களைக் கொளுத்துவதையே தொழிலாகக் கொண்ட தீயணைப்பு வீரன் ஒரு புத்தகத்தைத் திறந்து பார்த்துவிடுகிறான். ரொக்கேயா பேகத்தின் 'சுல்தானாஸ் ட்ரீம்' அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் கதை. வங்காளத்துப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி, 1905-இல் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில் வெளியானது. ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தையும் மேகத்து நீரையும் பயன்படுத்தி நாட்டை ஆளுகிறார்கள். நூற்றிருபது ஆண்டுக்கு முந்தைய சிந்தனை என்று நம்பவே முடியாது.

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் விழுந்து விழுந்து வாசித்தவர்களுக்கு டோல்கீன் பிடித்துப்போவார். கல்கியின் தொடர் முடிந்த அதே 1954-இல்தான் டோல்கீனின் மோதிரக் கதையின் முதல் பாகம் வெளிவந்தது. முதலில் சிறிய 'ஹாபிட்' வாசித்துவிட்டு, பிறகு பெரியதற்குப் போங்கள். நடை மெதுவாகத்தான் நகரும், அவசரப்படாதீர்கள்.

ஈழத்தோடு உறவுள்ளவர்களுக்கும், சிவனொளிபாத மலையைப் பார்த்தவர்களுக்கும் ஆர்தர் சி. கிளார்க்கின் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' (1979). கிளார்க் 1956-இலிருந்து சாகும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்ட வேண்டும்; அதற்குப் பொருத்தமான இடம், துறவிகள் காலங்காலமாக வாழும் ஒரு மலை உச்சி. மின்தூக்கி நிலநடுக்கோட்டில் அமைய வேண்டும் என்பதற்காக, இலங்கையை வரைபடத்தில் தெற்கே தள்ளிவைத்து எழுதினார். எனக்கு அந்த நாவலில் பொறியாளரைவிட மலையை விட்டுக்கொடுக்க மறுக்கும் துறவிகள்தான் முக்கியம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் ஜூல் வெர்னை மூலத்திலேயே வாசிக்க வேண்டும். 'ட்வென்ட்டி தௌசண்ட் லீக்ஸ் அண்டர் தி சீ' என்ற அவருடைய கடலடிப் பயண நாவலுக்கு ஆங்கிலத்தில் பரவலாகப் புழங்கிய பழைய மொழிபெயர்ப்பு, மூலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை வெட்டிவிட்டது. அதனால் வெர்னைச் சிறுவர் எழுத்தாளர் என்றே பலரும் நினைத்துவிட்டார்கள். நீர்மூழ்கிக் கப்பலின் தலைவன் நெமோ யார் என்பது பின்னால் வந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் தெரியவருகிறது. அவன் புந்தேல்கண்டைச் சேர்ந்த இளவரசன் தாக்கார். 1857 எழுச்சியில் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டுக் குடும்பத்தை இழந்தவன். வெர்ன் முதலில் அவனை ரஷ்யர்களால் பாதிக்கப்பட்ட போலந்துக்காரனாகத்தான் நினைத்திருந்தார்; ரஷ்யச் சந்தை போய்விடுமே என்று பதிப்பாளர் தடுத்துவிட்டார். இது தெரிந்தபின் முதல் நாவலைத் திரும்ப வாசித்தால், நெமோவின் கோபம் ஒவ்வொன்றும் நம் பக்கத்துக் கோபமாகத் தெரியும்.

ஆறாம் படி: புத்தகத்தைத் தேடிப் பிடியுங்கள்

புதுச்சேரியில் ரோமன் ரோலன் நூலகம்தான் முதல் இடம். 1827-இல் தொடங்கிய நூலகம் அது, உறுப்பினராகிவிடுங்கள். அறிபுனைக்கென்று தனி அலமாரியை எதிர்பார்க்காதீர்கள். ஆசிரியர் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். கடலூரில் மாவட்ட மைய நூலகத்திலும் அதே முறைதான். சுஜாதாவும் புதுமைப்பித்தனும் ஏதாவது ஒரு தட்டில் கட்டாயம் இருப்பார்கள்.

ஆங்கில நாவல்களுக்குக் காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகம் விற்பவர்களைப் பாருங்கள். துணிக் குவியல்களுக்கு நடுவே இருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. வாங்குமுன் மூன்று விஷயம் சரிபாருங்கள். ஒன்று, தொடரின் எத்தனையாவது பாகம்? அட்டையில் சொல்லாமல் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். மூன்றாம் பாகத்தை வாங்கிவிட்டுத் தலையும் புரியாமல் காலும் புரியாமல் தவிப்பவர்கள் உண்டு. இரண்டு, சுருக்கப் பதிப்பா? வெர்ன், ஆங்கில அறிபுனை எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் இருவருக்கும் பள்ளிப் பதிப்புகள் ஏராளம். மூன்று, கடைசிப் பதினாறு பக்கம் இருக்கிறதா? பழைய புத்தகத்தில் கடைசிப் பகுதிதான் முதலில் கழன்று விழும். மேரி ஷெல்லி, வெர்ன், வெல்ஸ் நூல்களுக்குக் காசே வேண்டாம். குட்டன்பெர்க் திட்டத்தின் இணையதளத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன.

ஏழாம் படி: இன்னொருவரோடு சேர்ந்து வாசியுங்கள்

தனியாக வாசித்தால் பாதிச் சுவைதான். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் வாசித்துவிட்டு, மாலையில் கடற்கரையில் உட்கார்ந்து பேசுங்கள். "கதை பிடித்ததா?" என்று கேட்டால் பேச்சு உடனே முடிந்துவிடும். "அந்த உலகத்தில் உன் பாட்டி இருந்தால் என்ன வேலை செய்துகொண்டிருப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் படைத்த உலகத்தில் எளிய மனிதர்களுக்கு இடம் இருக்கிறதா, அல்லது அரசர்களும் விஞ்ஞானிகளும் மட்டும்தானா என்பது அந்தக் கேள்வியில் வெளிப்பட்டுவிடும். சீன எழுத்தாளர் லியூ சிசினின் 'தி த்ரீ பாடி ப்ராப்ளம்' இப்படிப் பேசுவதற்கு ஏற்ற நாவல். 2015-இல் அறிபுனைக்கும் மாயக்கதைக்கும் தரப்படும் ஹியூகோ விருது பெற்றது. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. கலாசாரப் புரட்சியில் தந்தையை அடித்துக் கொல்வதைக் கண்ணால் பார்த்த ஒரு பெண், மனித இனத்தின்மேல் நம்பிக்கை இழந்து எடுக்கும் ஒரு முடிவுதான் கதையின் வேர். அவள் செய்தது சரியா என்று கேட்டால், ஒரு மாலை போதாது.

பேச்சு எப்படியும் நம் கரைக்குத் திரும்பும். 2004-இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பரில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறிய தானே புயல் இரண்டையும் கண்டவர்கள் நாம். முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் ஒரே இரவில் சாய்ந்தன. இந்தக் கரையின் நூறாண்டுக்குப் பிந்தைய வாழ்க்கையை, மீனவக் குப்பங்களின் கண்ணிலிருந்து எழுதிய தமிழ் நாவலுக்காக நான் காத்திருக்கிறேன். உங்களில் யாராவது எழுதினால் முதல் பிரதியைக் காசு கொடுத்தே வாங்குவேன்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால்

பெரியவர்களுக்குச் சொன்ன எந்த விதியும் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. விளங்காததோடு வாழ அவர்களுக்குத் தெரியும். ச. மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்த 'குட்டி இளவரசன்' வாங்கிக் கொடுங்கள். உரக்க வாசித்துக் காட்டவும் ஏற்றது. பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஜெயமோகனின் 'பனிமனிதன்'. பழைய புத்தகக் கடையில் முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி கிடைத்தால் விலை பேசாமல் வாங்குங்கள். 1972-இல் அந்த வரிசையைத் தொடங்கிவைத்தவனே அவன்தான். கண்ணுக்குத் தெரியாமல் போக அவனுக்கு மின்சாரம் பாய வேண்டும். அப்போதும் இரும்புக் கை மட்டும் மறையாது. வாசித்து முடித்த பிள்ளையிடம், அந்தக் கை ஏன் மறையவில்லை, அதனால் மாயாவிக்கு என்னென்ன தொல்லை என்று கேளுங்கள். பதில் நீளமாக வந்தால் அடுத்த புத்தகத்தை எடுத்துக் கொடுக்கலாம்.